ஊசுட்டேரிக்கு எத்தனை பெயர்? மடல்களுக்குப் பெயரிட்டுப் பார்த்த ஒன்றரை ஆண்டு

புதுச்சேரியிலும் கடலூரிலுமாக நடக்கும் எங்கள் ஞாயிறு நடைக் குழுவுக்கு மின்னஞ்சல் எழுதி அனுப்பும் பொறுப்பு நான்கு ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. மாதத்துக்கு இரண்டு நடை. ஒவ்வொரு நடைக்கும் ஓர் அழைப்பு, ஒரு நினைவூட்டல், நடை முடிந்தபின் படங்களோடு ஒரு நன்றி மடல் என்று அனுப்ப வேண்டும். கடலூர்க்காரர்கள் கூடும் இடம் வேறு, புதுச்சேரிக்காரர்கள் கூடும் இடம் வேறு என்பதால் நினைவூட்டல் மட்டும் இரண்டாகப் பிரியும். அனுப்பும் கருவி இவற்றைக் கேம்பெய்ன் என்கிறது. நாங்கள் மடல் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மடல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெயர்கள் உண்டு. பெறுபவர் கண்ணில் படுவது தலைப்பு வரி. அனுப்புகிறவர்களுக்கு மட்டும் தெரிவது உள்பெயர். தலைப்பு வரிக்கு அரை மணி நேரம் யோசிக்கும் நான், உள்பெயரைக் கைக்கு வந்தபடி தட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன்.

2024 ஜனவரியில் அதன் விளைவைப் பார்த்தேன். வலசைப் பறவைகளைக் காண ஊசுட்டேரிக்குப் போகும் நடைக்கு முந்தைய நாள் இரவு, கருவியின் பட்டியலில் ‘ஊசுடு நினைவூட்டல் புதியது’, ‘ஊசுடு நினைவூட்டல் புதியது 2’, ‘ஊசுடு நினைவூட்டல் இறுதி’ என்று மூன்று வரிகள் இருந்தன. ‘இறுதி’ என்பதை நம்பி அதையே கடலூர்க் குழுவுக்கு அனுப்பினேன். அது முந்தைய ஆண்டின் இறுதி. அந்த ஆண்டு மஞ்சக்குப்பத்தில் கூடினோம். இந்த ஆண்டு இடத்தைத் திருப்பாதிரிப்புலியூருக்கு மாற்றியிருந்தோம். எழுபது வயதைத் தொடும் உறுப்பினர் ஒருவர் விடிகாலை ஐந்தரை மணிக்கு மஞ்சக்குப்பத்தில் முக்கால் மணி நேரம் தனியாக நின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் அன்று மாலை, உள்பெயர்களைச் சீர்செய்யாமல் அடுத்த மடலை எழுதுவதில்லை என்று முடிவு செய்தேன்.

முதலில் பழைய பட்டியலை வரிக்கு வரி படித்தேன். ஒரே ஏரி ‘ஊசுட்டேரி’, ‘ஊசுடு ஏரி’, ‘ஒஸ்டேரி’, ‘ஏரி நடை’ என்று நான்கு பெயர்களில் இருந்தது. ஒரே ஊர் ‘புதுச்சேரி’, ‘புதுவை’, ‘பாண்டி’ என்று மூன்றாகப் பிரிந்திருந்தது. ‘புதியது’, ‘இறுதி’, ‘சரியானது’ ஆகிய சொற்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு வரியில் இருந்தன. இந்தச் சொற்கள் எழுதப்பட்ட நாளில் மட்டும் உண்மை, மறுவாரமே பொய். உள்பெயரில் நாளைக்கு மாறக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது என்ற முதல் விதியை அன்றே எழுதி வைத்தேன். அந்த விதி இன்றுவரை மாறவில்லை. மற்றவை எல்லாம் மாறின.

எங்கள் நடைகளில் பாதி திருவிழாக்களை ஒட்டியவை: வைத்திக்குப்பம் கடற்கரையில் மாசி மகம், வீராம்பட்டினத்தில் ஆடித் தேர் என்று. ஆகவே தமிழ் மாதத்தை முதலில் எழுதிப் பெயரிட்டால் பொருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். மாசி மகம் 2024இல் பிப்ரவரியிலும் 2025இல் மார்ச்சிலும் வந்தது. மாதப் பெயரோ இரண்டு ஆண்டும் மாசிதான். கருத்தளவில் அழகாக இருந்த இந்த ஏற்பாடு பட்டியலை அடுக்கியவுடன் குலைந்தது. கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் முறை யுனிகோடு; எங்கள் கருவி அந்த எண்களின் வரிசையில் பெயர்களை அடுக்குகிறது. அந்த வரிசைப்படி ஆடி, ஆனி, ஆவணி, ஐப்பசி, கார்த்திகை, சித்திரை, தை, பங்குனி, புரட்டாசி, மாசி, மார்கழி, வைகாசி என்றுதான் மாதங்கள் நிற்கும். ஆண்டின் முதல் மாதம் நடுவில் நிற்கிறது. இரண்டாம் மாதம் கடைசிக்குப் போய்விடுகிறது. இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். நாம் பள்ளியில் படித்த நெடுங்கணக்கில் னகரம் கடைசி மெய். யுனிகோடில் அது நகரத்துக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது. அகராதிப்படி ஆவணிக்குப் பின்னால் நிற்க வேண்டிய ஆனி, இங்கே முன்னால் வருவது அதனால்தான்.

அடுத்து எண்களுக்கு வந்தேன். குழுவில் எனக்கு உதவும் தம்பி அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்பவர்; மாதத்தை முன்னால் எழுதுவது அவருடைய பழக்கம். நான் நாளை முன்னால் எழுதுவேன். ‘03-04’ என்றால் எனக்கு ஏப்ரல் 3, அவருக்கு மார்ச் 4. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், இரண்டு இலக்கம் குறையாமல் எழுதும் ஐ.எஸ்.ஓ. 8601 என்ற பன்னாட்டுத் தர முறை 1988 முதல் இருக்கிறது. அப்படி எழுதினால் எழுத்து வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும். 2024 ஜூன் முதல் ‘2024-06-16_புதுச்சேரி_அழைப்பு’ என்ற வடிவில் பெயரிட்டோம். தேதி, மடல் அனுப்பும் நாளைக் குறிக்க வேண்டுமா நடை நடக்கும் நாளைக் குறிக்க வேண்டுமா என்று இருவரும் ஒரு மாலை முழுவதும் பேசி, நடையின் நாள் என்று தீர்மானித்தோம். அனுப்பும் நாளை வைத்தால், முடிந்த நடைக்கான நன்றி மடலும் அடுத்த நடைக்கான அழைப்பும் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடும். நடையின் நாளை வைத்தால் ஒரு நடைக்கு உரிய நான்கு மடல்களும் அடுத்தடுத்து நிற்கும்.

ஐந்து மாதம் இது நன்றாகவே நடந்தது. டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை நடைக்கு நவம்பர் 22 அன்று அழைப்பு அனுப்பியிருந்தோம். நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. எங்கள் தெருக்களில் இடுப்பளவு தண்ணீர் நின்ற அந்த நாள்களில் நடையைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. தண்ணீர் வடிந்து, அதே நடையை டிசம்பர் 22இல் நடத்தியபோதுதான் பெயரின் குறை தெரிந்தது. அழைப்பு ‘2024-12-01’ என்று தொடங்கியது. நினைவூட்டலோ ‘2024-12-22’ என்று தொடங்கியது. நடுவே டிசம்பர் 15 நடையின் மடல்கள் புகுந்துவிட்டன. அழைப்பின் பெயரைத் திருத்தலாமா என்றால், அந்தப் பெயரே, எந்த மடலிலிருந்து வந்தார்கள் என்று காட்டும் குறிச்சொல்லாக இணைப்புகளில் ஏறி உறுப்பினர்களின் அஞ்சல் பெட்டிக்கு ஏற்கெனவே போய்விட்டது. வெளியே போனதை இனித் திருத்த முடியாது. மாறக்கூடிய எதுவும் பெயரில் கூடாது என்று விதி எழுதிய நானே, நடையின் தேதியும் மாறக்கூடியது என்பதை மறந்திருக்கிறேன்.

2025 ஜனவரியில் தேதியைத் தலைமை இடத்திலிருந்து எடுத்துவிட்டு, வருகைப் பதிவேட்டைப் பார்த்து முதல் நடையிலிருந்து எண் கொடுத்தோம். புயலில் தள்ளிப்போன நடைக்கு 087 என்று எண் அமைந்தது. ‘நடை-087_ஊசுட்டேரி_நினைவூட்டல்_கடலூர்-குழு_2024-12-20’ என்பது இப்போதைய வடிவம். கடைசியில் வருவது அனுப்பிய நாள். அது நடந்து முடிந்த செய்தி என்பதால் மாறாது. பகுதிகளைப் பிரிக்க அடிக்கோடு, ஒரு பகுதிக்குள் சொற்களை இணைக்கச் சிறுகோடு. எண்ணுக்கு முன்னால் சுழி போடுவது அலங்காரம் அன்று. போடாவிட்டால் 1, 10, 11 என்று ஓடிய பிறகுதான் 2 வரும்.

வடிவம் இப்படி ஒருவாறு நிலைத்தது. ஆனால் உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது என்பேன். சொற்களைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. வடிவத்தை இருவர் உட்கார்ந்து முடித்துவிடலாம். சொற்களுக்கு எல்லோரையும் கேட்க வேண்டும். விரிதாள் ஒன்றில் இடது பத்தியில் நாங்கள் ஏற்ற சொல், வலது பத்தியில் மக்கள் வழங்கும் மற்றச் சொற்கள் என்று ஒரு சொற்பட்டியல் தொடங்கினோம். ‘கடலூர்’ என்று நான் எழுதியதைப் பார்த்த முதுநகர் உறுப்பினர் ஒருவர், “சார், கடலூர் என்றால் எந்தக் கடலூர்? ஓ.டி.யா, என்.டி.யா என்று எழுதினால்தானே எங்களுக்குப் புரியும்” என்றார். அவர் சொன்னது நியாயம். இடப்பெயர் ‘கடலூர்-முதுநகர்’, ‘கடலூர்-புதுநகர்’ என்று இரண்டாயிற்று. ஊசுட்டேரிக்கு மாநிலப் பெயர் சேர்க்கும் யோசனையைக் கைவிட்டோம். ஏரியின் ஒரு பகுதி புதுச்சேரியிலும் மறு பகுதி தமிழ்நாட்டிலும் இருக்கிறது. ‘விடுதலை நாள்’ என்ற சொல்லுக்கு அதிகமாகத் தயங்கினோம். ஆகஸ்ட் 15 ஒருபுறம் இருக்க, 1954இல் ஆட்சி கைமாறிய நவம்பர் 1ஐயும், 1962இல் சட்டப்படி இணைப்பு நிறைவேறிய ஆகஸ்ட் 16ஐயும் புதுச்சேரி கொண்டாடுகிறது. ஒரே வாரத்தில் இரண்டு நாள் வரும்போது ‘ஆகஸ்ட் விடுதலை’ என்ற பழைய பெயர் எதைக் குறித்தது என்று எங்களாலேயே சொல்ல முடியவில்லை. இப்போது மூன்றும் தனித்தனிச் சொற்களாகப் பட்டியலில் உள்ளன.

சொல்லை ஒப்புக்கொண்ட பிறகும் எழுத்து ஏமாற்றும் என்பதை ஆரோவில் நடையில் அறிந்தேன். பட்டியலில் கண்ணுக்கு எதிரே இருக்கும் ‘ஆரோவில்’ தேடினால் வரவில்லை. ‘ரோ’ என்ற எழுத்தை ரகரமும் ஓகாரக் குறியுமாக எழுதலாம். கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் தட்டியும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும், உள்ளே இருக்கும் எண்கள் வேறு. இன்னொரு மடலில் காலுக்குப் பதிலாக ரகரமே இருந்தது. அதன்பின் உள்பெயரை யாரும் கையால் தட்டுவதில்லை. சொற்பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால் விரிதாளே பகுதிகளைக் கோத்துத் தருகிறது, நாங்கள் நகலெடுத்து ஒட்டுகிறோம்.

இணைப்புகளின் குறிச்சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். எந்த மடலிலிருந்து எத்தனை பேர் பதிவுப் படிவத்துக்கு வந்தார்கள் என்று அறிய, இணைப்பின் வாலில் யுடிஎம் குறிகளைச் சேர்க்கிறோம். 2005இல் கூகுள் வாங்கிய அர்ச்சின் என்ற நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்த வழக்கம் இது. மடலைத் திறந்தவர்களின் எண்ணிக்கையை நாங்கள் நம்புவதில்லை. 2021 செப்டம்பரில் வந்த ஆப்பிளின் அஞ்சல் தனியுரிமை ஏற்பாடு, ஒருவர் மடலைத் திறக்காமலே படங்களை முன்கூட்டி இறக்கிக்கொள்வதால் திறந்ததாகவே கணக்கில் ஏறுகிறது. ஆகவே சொடுக்குகளே எங்கள் அளவுகோல். தமிழ் உள்பெயரை அப்படியே குறிச்சொல்லாக விட்டபோது இணைப்பின் முகவரி கட்டுக்கடங்காமல் நீண்டது. ‘மாசிமகம்’ கண்ணுக்கு ஐந்து எழுத்து. யுனிகோடில் 8 குறிகள். குறிக்கு 3 பைட்டு. முகவரியில் பைட்டுக்கு 3 இடம். ஆக 72 இடம். ஆங்கிலத்துக்குப் போனாலோ, ஒருவர் முதல் எழுத்தைப் பெரியதாக இட, மற்றவர் சிறியதாக இட, வருகைகளைக் கணக்கிடும் கூகுள் அனலிடிக்ஸ் அவற்றை இரண்டாக எண்ணியது. இப்போது அந்த இடத்தில் நடையின் எண்ணை மட்டும் இடுகிறோம். மூன்று இலக்கத்தில் பெரிய எழுத்தும் இல்லை, சிறிய எழுத்தும் இல்லை.

பழைய மடல்களில் கடைசி ஓராண்டுக்கு உரியவற்றை மட்டும் புதிய முறைக்கு மாற்றினோம். அதற்கு முந்தையவை ‘பழையவை’ என்ற கோப்புறையில் பெயர் மாறாமல் கிடக்கின்றன. அவற்றுக்கு உழைப்பது வீண் என்பது என் எண்ணம்.

சென்ற மாதம் உறவினர் திருமணத்துக்காக நான்கு நாள் வெளியூர் போயிருந்தேன். கடலூர்க் கடற்கரை நடைக்கான மடல்களைத் தம்பியே முழுவதும் தயாரித்தார். வெள்ளிக்கிழமை இரவு தொலைபேசியில் அழைத்து ஒன்றே ஒன்று கேட்டார். “அண்ணா, தேவனாம்பட்டினம் பட்டியலில் இல்லை. கடலூர்க் குழுவில் சிலர் சில்வர் பீச் என்றுதான் சொல்கிறார்கள். இடது பத்தியில் எதைப் போடட்டும்?” இடது பத்தியில் தேவனாம்பட்டினம், வலது பத்தியில் சில்வர் பீச் என்றேன். மறுநாள் விரிதாளைத் திறந்தபோது அந்த வரி சேர்ந்திருந்தது. நினைவூட்டல்கள் இரண்டும் அவரவர் குழுவுக்குப் போயிருந்தன.