ஓடுகிறவனுக்கு ஒரு நாய்

எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் நாயைத் தேர்ந்தெடுத்ததே கிடையாது. தாத்தா தோட்டத்தில் வேலை பார்த்த காலத்தில் தொழிலாளர் லயத்து வாசலில் தானாக வந்து படுத்துக்கொண்ட நாய்க்கு மணி என்று பேர் வைத்தார்கள், அது போனதும் இன்னொன்று வந்தது, அதுவும் மணிதான். அதனால் போன வருஷம் நான் "ஜாதி நாயா, பெருசா ஒண்ணு வாங்கப் போறேன்மா, மலேசியன் கென்னல் அசோசியேஷன் சர்டிபிகேட்டோட, அதுல தாத்தா பாட்டி பேரெல்லாம் இருக்கும்" என்றதும் அம்மா இட்லித் தட்டைக் கீழே வைத்துவிட்டார். "நாய்க்குமாடா ஜாதகம் பாக்குற? உனக்கு வந்ததே ஒண்ணும் பொருந்தல."

ஜாதகம் என்று அவர் கேலியாகத்தான் சொன்னார். ஆனால் ஆறு மாதம் அலைந்த பிறகு எனக்கு அது சரியான வார்த்தையாகத்தான் படுகிறது.

நான் வாரத்தில் நாலு நாள் விடியற்காலை ஓடுகிறவன். ஞாயிற்றுக்கிழமை புக்கிட் காசிங் குன்று ஏறுவேன், இறங்கும்போது சிவன் கோயிலில் ஒரு கும்பிடு. வீடு ஜாலான் கிளாங் லாமா பக்கம் ஒரு பழைய வரிசை வீடு, வாசலில் கார் போக மிச்சம் ஒரு பாய் விரிக்கிற அளவு இடம். என்னோடு ஓட வேண்டும், பெரிதாக இருக்க வேண்டும், வருகிறவர் போகிறவரைக் கடிக்கக் கூடாது. கேட்டது இவ்வளவுதான். நிறைய ஓடுகிற இனமாகப் பார்த்து எடுத்தால் முடிந்தது என்று நினைத்தேன். முதலில் மனதில் இருந்தது சைபீரியன் ஹஸ்கி. நீலக் கண்ணைப் பார்த்து மயங்கியதுதான், வேறு காரணம் இல்லை. பனியில் சறுக்கு வண்டி இழுக்க வளர்த்த நாய் அது, கோலாலம்பூரில் அதற்கு இருபத்து நாலு மணி நேரமும் ஏர்கோன் போட்டு வைத்திருக்கிற வீடுகள் எனக்குத் தெரியும். ஓடத் துடிக்கிற நாயை அறைக்குள் பூட்டி வைத்துவிட்டு நான் மட்டும் ஓடப் போவதில் என்ன இருக்கிறது?

இங்கேதான் என் கணக்கே மாறியது. நாயால் எவ்வளவு ஓட முடியும் என்பதை அதன் சுறுசுறுப்போ என் சுறுசுறுப்போ முடிவு செய்வதில்லை, நம் ஊர்க் காற்று முடிவு செய்கிறது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. மூச்சு வாங்கி, நாக்கிலும் வாயிலும் இருக்கிற ஈரம் ஆவியாகித்தான் சூடு இறங்க வேண்டும். காற்றே ஈரமாக இருந்தால் அது எங்கே ஆவியாவது? விடியற்காலை 25 டிகிரிதானே என்று நாம் நினைக்கிறோம், ஆனால் அந்த நேரத்தில்தான் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது. உடம்புச் சூடு 41 டிகிரிக்கு மேல் போனால் நாய்க்கு உயிராபத்து.

சரி, அடுத்தது கோல்டன் ரெட்ரீவர். எல்லோரும் சொல்கிற பதில். 1868-இல் ஸ்காட்லாந்தில் ட்வீட்மவுத் பிரபு தன் எஸ்டேட்டில், சுட்ட பறவையைத் தண்ணீரில் இறங்கிக் கவ்விக்கொண்டு வருவதற்காக உருவாக்க ஆரம்பித்த இனம். குணத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நண்பன் ஒருத்தன் குடும்பத்தோடு இந்தியா போனபோது அவனுடைய கோல்டனை ரெண்டு வாரம் நான் வைத்திருந்தேன், நேரில் பார்த்துவிடலாமே என்றுதான். மூன்றாம் நாள் சாயங்காலம் மழையில் நனைந்தது, துண்டால் துடைத்து விட்டேன், காய்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ரெண்டு நாள் கழித்து காதுக்குக் கீழே ஒரே சொறி. முடியை விலக்கிப் பார்த்தால் ஐம்பது காசு அளவுக்குத் தோல் சிவந்து, நீர் வடிந்து, பிசுபிசுவென்று இருக்கிறது. மேல் முடி காய்ந்தாலும் அடி முடி காய்வதில்லை, இந்த ஊர் ஈரத்துக்கு அது அடிக்கடி வரும் என்றார் டாக்டர். கூடவே சாம்பார் வரைக்கும் முடி. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, கரண்டியால் எடுத்து எனக்குக் காட்டினார், அவ்வளவுதான்.

இதற்குள் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை. மாமா ராட்வைலர் என்றார். பிட் புல், அகிதா, ஜப்பானிய தோசா போன்றவற்றை இந்த நாட்டுக்குள் கொண்டுவரவே முடியாது, ராட்வைலர், டாபர்மேன் வகையறாவுக்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கிறது, அது போகட்டும், எனக்குக் காவல்காரன் தேவையே இல்லை. பெரியப்பா ராஜபாளையத்தை விடவே இல்லை. "நம்ம நாய்டா, இந்தியாவுல ஸ்டாம்பே போட்டிருக்கான்." உண்மைதான், 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாலு நாட்டு நாய் தபால் தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. அழகு, ஓட்டம், சூடு தாங்கும் உடம்பு எல்லாம் உண்டு. ஆனால் அது வீட்டு ஆட்களுக்கு மட்டும் பணியும், அந்நியரை நம்பாது. ஞாயிறு காலை காசிங்கின் ஒற்றையடிப் பாதையில் ஐம்பது அந்நியர் எதிரே வருவார்கள், எனக்கு நெஞ்சு தாங்காது. டால்மேஷியன் பக்கமும் கொஞ்ச நாள் சாய்ந்தேன். குதிரை வண்டிக்குப் பக்கத்திலேயே மைல் கணக்கில் ஓடிய நாய், முடியும் குட்டை. ஆனால் அந்த இனத்தில் பிறவிச் செவிடு அதிகம், குட்டிக்குக் காது சோதனை செய்த காகிதம் இருக்கிறதா என்று நான் கேட்ட ரெண்டு பேருமே என்னை விசித்திரமாகப் பார்த்தார்கள்.

கடைசியில் லாப்ரடார். பேர்தான் லாப்ரடார், பூர்வீகம் பக்கத்தில் இருக்கிற நியூஃபவுண்ட்லாந்து, மீனவர்களோடு படகில் போய் வலை இழுத்த நாய்களின் வாரிசு. முடி குட்டை, கொட்டுவது என்னவோ கொட்டும்தான், ஆனால் கோல்டன் அளவுக்கு ஈரம் தேங்காது. இந்த இனத்தைத் தீர்மானித்த வேகத்தில் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். வாட்ஸ்அப்பில் குட்டிப் படம் அனுப்பிய ஒருத்தருக்கு முன்பணம் 300 வெள்ளி போட்டுவிட்டு, அப்புறம்தான் "தாய் நாயைப் பாக்கணும்" என்றேன். தாய் வேறு இடத்தில் இருக்கிறது என்றார். எந்த இடம் என்றேன். பதிலும் இல்லை, பணமும் இல்லை.

அதற்குப் பிறகுதான் ஜாதகம் பார்க்கக் கற்றுக்கொண்டேன். அந்த சர்டிபிகேட் வம்சத்தைச் சொல்லும், உடம்பைச் சொல்லாது. தாய்க்கும் தகப்பனுக்கும் இடுப்பு மூட்டில் கோளாறு இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்து மதிப்பெண் வாங்கியிருக்கிறார்களா என்று தனியாகக் கேட்க வேண்டும். பிரிட்டிஷ் முறையில் ஒரு பக்கத்துக்கு 53 வரை போடுவார்கள், எண் குறையக் குறைய நல்லது. ஓடுகிறவர்கள் மறக்காமல் கேட்க வேண்டியது இன்னொன்று: லாப்ரடாரில் சில நாய்கள் பத்து நிமிஷம் வேகமாக ஓடினாலே பின்னங்கால் தொய்ந்து விழுந்துவிடும். பரம்பரையாக வருவது, ரத்தப் பரிசோதனையில் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

அப்புறம், குட்டி வாங்குகிற எண்ணத்தையே விட்டுவிட்டேன். பெரிய இனத்துக்கு எலும்பு வளர்ந்து முடிய ஒன்று, ஒன்றரை வருஷம் ஆகும், அதுவரைக்கும் தார் ரோட்டில் தூர ஓட்டம் கூடாது. கூட ஓட ஆள் வேண்டும் என்று குட்டி வாங்குகிறவன் ஒன்றரை வருஷம் தனியாகத்தான் ஓட வேண்டும். ஈப்போவில் ஒரு சீன ஆன்ட்டி, கண்காட்சிக்கென்று வைத்திருந்த ரெண்டு வயசுப் பெண் நாயை, பல் வரிசை சரியில்லை என்று கொடுக்கத் தயாராக இருந்தார். கருப்பு. இடுப்பு மதிப்பெண் ரெண்டு பக்கமும் சேர்த்து 9. தாயும் அங்கேயே இருந்தது, வந்து என் ஷூவை மோந்து பார்த்துவிட்டு மடியில் ஏறிக்கொண்டது. நான் எடுத்தவளின் பேர் பெப்பர். அம்மா வாயில் அது நுழையாமல் மூன்றே நாளில் மிளகு ஆகிவிட்டது.

ஐந்தரைக்குக் கிளம்பி ஐந்து கிலோமீட்டரோடு நிறுத்திக்கொள்கிறேன், நான் பத்து ஓட வேண்டிய நாளில் இவளை வீட்டில் விட்டுவிட்டு மறுபடி போகிறேன். இடுப்புப் பையில் தண்ணீர். நாக்கு அகலமாகி நுனி மேலே வளைந்தால் நடைதான். தாமதமாகிவிட்டால் தார் மேல் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பார்ப்பேன், எனக்குச் சுட்டால் அவளுக்கும் சுடும். வந்ததும் விரல் இடுக்கு, காது உள்பக்கம் எல்லாம் உண்ணி தேட வேண்டும், லாலாங் புல்லில் ஒரு நிமிஷம் நின்றாலே ஏறிவிடுகிறது. தண்ணீரைக் கண்டால் குதிக்கிற புத்தி வேறு. முதல் மாதமே லோங்காங் சாக்கடையில் இறங்கி முழங்கால் வரை கருப்புச் சேறோடு வாலை ஆட்டிக்கொண்டு நின்றாள், எலி மூத்திரத்தில் பரவுகிற லெப்டோ நோய்க்கான ஊசியை ஏன் வருஷா வருஷம் போடச் சொல்கிறார்கள் என்று அன்றைக்குப் புரிந்தது.

சாதுவான நாய் என்று கேட்டு வாங்கினேன் அல்லவா, அதிலும் ஒரு தொல்லை உண்டு. மிளகுக்கு உலகத்தில் எல்லோரும் மாமன் மச்சான். எதிரே வருகிற மலாய் மாக்சிக்குக்கு, அந்த அம்மாவுக்கு, இவள் ஈர மூக்கு பட்டால் சிரித்துச் சமாளிக்கிற விஷயம் இல்லை, வீட்டுக்குப் போய் இஸ்லாமிய முறைப்படி கழுவ வேண்டும். அதனால் காசிங்கில் ஆள் தெரிந்ததுமே கயிற்றைச் சுருட்டிப் பிடித்து ஓரத்தில் ஒதுங்கி உட்கார வைத்துவிடுவேன். இப்போது சிலர் தூரத்திலிருந்தே கையாட்டுகிறார்கள். நாய் லைசென்ஸ் ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டும், அதையும் விட்டுவிடாதீர்கள்.

எடைதான் இப்போதைய பிரச்சினை. வந்தபோது 27 கிலோ, போன வாரம் தராசில் 30.4. ஓட்டம் குறையவில்லை, வேளைக்கு வேளை நானேதான் அளந்து போடுகிறேன். 2016-இல் கேம்பிரிட்ஜில் கண்டுபிடித்ததை அம்மாவுக்குச் சொல்லித் தொலைத்திருந்தேன், லாப்ரடாரில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு ஒரு ஜீனில் கோளாறு, எவ்வளவு தின்றாலும் பசி அடங்காது, அதனால் கெஞ்சினால் கொடுக்காதீங்க என்று. இப்போது சமையலறையில் மிளகு வாயைச் சுற்றித் தேங்காய்ச் சட்னியோடு நிற்கிறாள், நான் அம்மாவைப் பார்த்தால், "என்னை ஏன் பாக்குற? ஜீன்டா அது" என்கிறார்.