பிக்கப்பின் எடை ஏடு

ஜனவரி 7

நானும் தம்பியும் மண்பாதைகளில் போய் வண்டியிலேயே தங்குவதற்காக எங்கள் பிக்கப்பைத் தயார் செய்கிறோம். முதல் வேலையாக அதை எடை மேடைக்கு ஓட்டிச் சென்றேன். டீசல் டேங்க் நிறைய, பின்தொட்டி காலி, இருக்கையில் ஆள் இல்லை. மொத்தம் 2,120 கிலோ. முன் அச்சில் 1,180, பின் அச்சில் 940. கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தகடு, உச்ச எடை 3,050 கிலோ என்கிறது. மீதி 930 கிலோதான் எனக்கான முதலீடு. நாங்கள் இருவரும், குடிதண்ணீரும், மாட்டப்போகும் ஒவ்வொரு இரும்புத்துண்டும் இதற்குள் அடங்கியாக வேண்டும்.

தம்பிக்கு முகம் சுண்டிவிட்டது. "ஊர் உலகமெல்லாம் விளக்கும், கயிறு சுற்றி இழுக்கும் வின்ச்சும் வாங்கித் தொடங்குகிறார்கள். நீ தராசு தேடிப் போகிறாய், அண்ணா" என்றான். தராசு பொய் சொல்லாது; விளம்பரப் படங்கள் சொல்லும். படத்தில் பாறை மேல் நிற்கும் வண்டியின் பின்தொட்டியில் பெரும்பாலும் ஒரு வாளிகூட இருப்பதில்லை.

ஜனவரி 9

தம்பி ஆசைப்படும் எல்லாவற்றையும் எழுதச் சொல்லி, பக்கத்தில் எடை போட்டேன். முன்பக்க இரும்புத் தடுப்பு 60, வின்ச் 30, தொட்டிக்கு மேற்கூடு 70, கூரைக் கூடாரம் 70, இழுப்பறைகள் 60, இரண்டாவது பேட்டரியும் வயரிங்கும் 25, குளிர்பெட்டியும் உள்ளே இருப்பதும் 50, தண்ணீர் 60, பெரிய டயர்களால் கூடுவது 35, கருவிகளும் மீட்புச் சாமானும் 45, அடுப்பும் பாத்திரமும் 25, துணிமணி 40, நாங்கள் 145. கூட்டினால் 715.

"பார்த்தாயா, இன்னும் 215 கிலோ மிச்சம்" என்று துள்ளினான். தகட்டில் உள்ள எண் தார்ச்சாலைக்கும் சேர்த்துச் சொல்லப்படும் எல்லை. அலை அலையாகக் குண்டுகுழி விழுந்த மண்பாதையில் நாள் முழுக்க அடி வாங்கப்போகும் வண்டியை அந்த விளிம்புக்குக் கொண்டுபோக எனக்கு மனமில்லை. 2,750-ஐத் தாண்டக் கூடாது என்று கோடு போட்டிருக்கிறேன். எந்த நூலிலும் இல்லாத கோடு, என் கோடு. அந்தக் கணக்கில் இந்தப் பட்டியல் 85 கிலோ அதிகம்.

ஜனவரி 13

கூரைக் கூடாரம் வேண்டாம் என்று முடிவாயிற்று. இரண்டு நாள் வாக்குவாதம்.

கூடாரம் விற்பவர்கள் "300 கிலோ தாங்கும்" என்பது நிற்கும் வண்டியில். அதில் பொய் இல்லை. ஓடும்போது கூரை தாங்கக்கூடியது வேறு எண். எங்கள் மேற்கூட்டுக்கு அது 75 கிலோ. கூடாரம் 70, அதைத் தாங்கும் கம்பிச்சட்டம் 20. அங்கேயே கணக்கு உடைகிறது. உடையாவிட்டாலும் நான் ஏற்றியிருக்க மாட்டேன். பக்கவாட்டுச் சரிவில் வண்டி போகும்போது, தலைக்கு மேலே இருக்கும் ஒவ்வொரு கிலோவும் கவிழ்க்கும் பக்கம் கட்சி மாறிவிடுகிறது. தாழ்ந்த கிளைகள் வேறு.

ஆகவே மேற்கூட்டுக்குள்ளேயே படுக்கை. தொட்டியின் நீளம் ஒன்றரை மீட்டர். எங்கள் இருவரில் யாருமே அவ்வளவு குட்டையில்லை. பின்கதவைத் திறந்து, படுக்கைப் பலகையை அதன் மேல் நீட்டினால் கால் நீட்ட இடம் கிடைக்கும். திறந்த பகுதியைச் சுற்றித் துணித்திரை. படுக்கைக்குப் பத்துக் கிலோ சேர்த்தாலும் பட்டியலில் 60 குறைகிறது.

ஜனவரி 21

ஸ்டெப்னியைப் பின்கதவுக்கு வெளியே மடக்குக் கையில் தொங்கவிடும் யோசனையைத் தம்பி கொண்டுவந்தான். பார்க்க அழகு, எடுக்கச் சுலபம். ஆனால் பின் அச்சுக்குப் பின்னால் தொங்கும் எடை, தன் எடையோடு நிற்பதில்லை.

அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம் 3.1 மீட்டர். பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் 100 கிலோ வைத்தால், பின் அச்சில் ஏறுவது 132 கிலோ. அந்த உபரி 32 கிலோ முன் அச்சிலிருந்து தூக்கப்பட்டது. சீசா பலகையின் அதே கணக்கு. முன்சக்கரம் லேசானால் ஸ்டியரிங் மழுங்கும், மேட்டில் ஏறும்போது முன்டயர் பிடிப்பை இழக்கும். அதைவிடக் கெட்டது சேசிஸுக்கு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்துக்கு, நேர்வது. நீண்ட பின்தொட்டி, நிறைந்த தண்ணீர்க் கேன்கள், பின்னால் தொங்கும் சக்கரம், அதற்குப் பின்னால் டிரெய்லர் வேறு என்று சேர்த்துக்கொண்டு பள்ளங்களில் வேகமாகப் போனவர்களின் பிக்கப்புகள், கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவே மடிந்து நிற்கும் படங்களை யாரும் பார்க்கலாம். எஃகுப் பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்குக்கும் சட்டத்துக்கும் இடையே காற்றுப்பை வைத்து வாலைத் தூக்கினால் ஆபத்து கூடவே செய்யும்: ஸ்பிரிங்கின் இரு முனைகளுக்கும் பிரிந்து போகவேண்டிய சுமை, சட்டத்தின் ஒரே புள்ளியைக் குத்துகிறது.

ஸ்டெப்னி அடியிலேயே இருக்கட்டும். தண்ணீர் 60 லிட்டரும் கேபினை ஒட்டி, தொட்டியின் தரையில், அச்சுக்கு முன்னால். நீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. அடுக்குவதற்கு இதைவிட நேர்மையான பொருள் இல்லை.

பிப்ரவரி 2

ஸ்பிரிங் நாள். மெக்கானிக் பெரியவர் முதலில் கேட்டது எத்தனை அங்குலம் தூக்க வேண்டும் என்று அல்ல; "தினமும் எவ்வளவு எடை வண்டியிலேயே இருக்கும்?" என்று. அந்தக் கேள்விக்காகவே அவருக்குக் காசு கொடுக்கலாம். எப்போதும் இருக்கும் சுமைக்குத்தான் லீஃப் ஸ்பிரிங் தேர்வு. 500 கிலோவுக்கான பிளேட்டுகளைப் போட்டுக் காலியாக ஓட்டினால் முதுகெலும்பு எண்ணிக்கை சொல்லும். எங்களுக்கு 300 கிலோ நிலைச்சுமைக்கானது.

உயரம் 40 மில்லிமீட்டர் போதும் என்றேன். முன்பக்கம் தனித்தனியாக ஆடும் சக்கரங்கள். அங்கே தூக்கத் தூக்க, சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டுகள் அதிகக் கோணத்தில் வளைந்து சுற்ற வேண்டும். மூட்டின் ரப்பர் உறை முதலில் கிழியும், பிறகு உள்ளே மணல் போகும். தம்பி நூறு மில்லிமீட்டர் கேட்டான். பெரியவர் அவனைப் பார்த்து, "தம்பி, ஏணி வைத்து ஏறப் போகிறீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

பிரேக் குழாய்களின் நீளம் சரிபார்த்தாயிற்று. சக்கரங்கள் தொங்கும் நிலையில் அவை விறைக்கக் கூடாது.

பிப்ரவரி 3

வீல் அலைன்மென்ட். தூக்கிய வண்டிக்கு இது கட்டாயம், தள்ளிப்போடக் கூடாது.

பிப்ரவரி 10

டயர். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த பகுதி.

பழைய அளவு 265/70 ஆர் 17. விட்டம் கிட்டத்தட்ட 803 மில்லிமீட்டர். புதியது 285/70 ஆர் 17, விட்டம் 831. அச்சு உயர்வது வித்தியாசத்தில் பாதி, 14 மில்லிமீட்டர் மட்டுமே. ஆனால் அந்த 14-க்கு ஒரு மதிப்பு உண்டு: ஸ்பிரிங் தூக்குவது உடலை மட்டும், பின் அச்சின் நடுவில் தொங்கும், சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பிரிக்கும் டிஃபரென்ஷியல் குடம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்ததோ அங்கேயேதான் இருக்கும். அதை உயர்த்த டயரால் மட்டுமே முடியும்.

விலையும் உண்டு. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மையில் 103-ஐத் தாண்டியிருக்கும். ஒவ்வொரு கியரும் அதே மூன்றரை விழுக்காடு நீண்டுவிடுகிறது. செங்குத்து இறக்கத்தில் எஞ்சின் பிடித்து நிறுத்தும் சக்தியும் அந்த அளவுக்குக் குறையும்.

சேற்றுக்கான முரட்டு டயர் வாங்கவில்லை. பெரும்பாலான கிலோமீட்டர்கள் தாரில்தான் போகும். அங்கே அது ஊளையிடும், மழையில் பிரேக் பிடிக்கத் தயங்கும். எல்லாத் தரைக்குமான டயர், பக்கச்சுவர் கனமான வகை. கல்பாதையில் கிழிவது பெரும்பாலும் பக்கச்சுவர்தான், அதைப் பஞ்சர் ஒட்டுபவரால் காப்பாற்ற முடியாது.

பிப்ரவரி 18

வின்ச் விவகாரம் இன்று தீர்ந்தது. நான் எதிரி அல்ல. தனியாகக் காட்டுச் சேற்றில் போகிறவருக்கு அது வேண்டும். கணக்கு இதுதான்: முழு எடையின் ஒன்றரை மடங்கு இழுக்கத் தெரிய வேண்டும். தம்பியின் பட்டியல்படி 2,835 கிலோ. ஒன்றரை மடங்கு 4,250. சந்தையில் 9,500 பவுண்டு என்று விற்பது 4,309 கிலோ. சரியாகப் பொருந்துகிறதே என்றால், அந்த எண் உருளையின் அடிச்சுற்றுக்கு மட்டும். மேல் அடுக்குகளில் கயிறு இருக்கும்போது இழுவை குறைந்துகொண்டே வரும். கப்பி போட்டு இரட்டையாக்கலாம். முழுச் சுமையில் 400 ஆம்பியர் பக்கம் குடிக்கும். வின்ச்சைத் தாங்க முன்னால் இரும்புத் தடுப்பு வேண்டும்; இரண்டும் சேர்ந்து 90 கிலோ, அத்தனையும் முன் அச்சுக்கு முன்னால்.

நாங்கள் போகப்போவது மணலும் கல்லும், இன்னொரு வண்டியின் துணையோடு. ஆகவே வாங்கியது: புதைந்த சக்கரத்துக்கு அடியில் வைக்கும் மணற்பலகை ஒரு ஜோடி, நீள்கைப் பிடி மண்வெட்டி, நீளும் இழுவைக் கயிறு, அதை மாட்ட இரண்டு மென்கயிற்று ஷேக்கிள் வளையங்கள், டயருக்குக் காற்றடிக்க நல்ல கம்ப்ரெசர். சேசிஸில் நேராக போல்ட் செய்த, சுமை அளவு பொறித்த கொக்கிகள் முன்னும் பின்னும்.

ஒன்றை மட்டும் தம்பியிடம் குரல் உயர்த்திச் சொன்னேன். டிரெய்லர் மாட்டும் குண்டில் மீட்புக் கயிற்றை மாட்டவே கூடாது. அந்தக் கயிறு ரப்பர்போல் நீண்டு சக்தியைச் சேர்த்துவைக்கும். குண்டு முறிந்தால் அது பீரங்கிக் குண்டுதான். இப்படி ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 25

டிஃபரென்ஷியலின் மூச்சுக் குழாயை நீட்டி எஞ்சின் அறைக்குள் கொண்டுபோனோம். சூடான அச்சு குளிர்ந்த ஓடையில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும். மூச்சு விடும் இடம் தண்ணீருக்குள் இருந்தால் உறிஞ்சுவது தண்ணீரை. சில அடி ரப்பர் குழாய், அரை மணி வேலை. எஞ்சினுக்கு உயரத்திலிருந்து காற்று இழுக்க, பெரிய தும்பிக்கைபோல் ஸ்நார்கெல் மாட்டிக்கொண்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

மார்ச் 3

வயரிங். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி: 1,280 வாட்-மணி. குளிர்பெட்டியின் கம்ப்ரெசர் ஓடும்போது 45 வாட். வெயில் நாளில் பாதி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 540 வாட்-மணி. விளக்கு, போன் சார்ஜ் சேர்த்தாலும் இரண்டு நாள் ஒரே இடத்தில் தங்கலாம்.

எஞ்சின் அறையிலிருந்து பின்தொட்டிக்கு ஆறு மீட்டர். போக வரப் பன்னிரண்டு. 30 ஆம்பியர் ஓடும்போது 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் ஒரு வோல்ட் வழியிலேயே காணாமல் போகும், 16-இல் 0.4 வோல்ட்டுக்குள் நிற்கும். தடித்த கம்பியே போட்டோம். எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர்கள் இக்காலத்தில் எரிபொருள் மிச்சம் பிடிக்க மின்னழுத்தத்தைத் தாழ்த்திவிடுவதால், அதை பேட்டரிக்கு வேண்டிய அளவுக்கு உயர்த்தித் தர இடையில் டிசி-டிசி சார்ஜர். ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள், இரு முனையிலும். உராய்ந்து தோல் உரிந்த கம்பி தீ வைக்கும். ஃபியூஸ் காப்பது கருவியை அல்ல, கம்பியை. உறைநிலைக்குக் கீழே லித்தியத்தை சார்ஜ் செய்யக் கூடாது என்பதால், அந்தக் குளிரில் தானே நிறுத்திக்கொள்ளும் வகையாகப் பார்த்து வாங்கினேன்.

மார்ச் 11

படுக்கைப் பலகைக்கு 12 மில்லிமீட்டர் பிளைவுட். தச்சர் 18 போடலாம் என்றார். சதுர மீட்டருக்கு மூன்றரைக் கிலோ கூடும். அடியில் குறுக்குச் சட்டம் ஒன்று சேர்த்தால் 12 அசையாது. இழுப்பறை இரண்டல்ல, ஒன்று. மறுபாதியில் வெறும் பெட்டிகள், பட்டையால் கட்டியது. இழுப்பறையின் தண்டவாளங்களே சாமானைவிடக் கனக்கின்றன.

மேற்கூட்டில் தாழ ஒன்று, உயர ஒன்று எனக் காற்றுவழி. இரண்டு பேர் மூச்சிலேயே விடிவதற்குள் தகரத்தில் நீர் கோத்துவிடும். அடுப்பு எக்காரணம் கொண்டும் உள்ளே எரியாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

மார்ச் 23

முதல் மணல். காற்றை 35-லிருந்து 18 பிஎஸ்ஐக்கு இறக்கினோம். டயர் அகலமாகிவிடும் என்று தம்பி எதிர்பார்த்தான். உண்மையில் தரையைத் தொடும் தடம் நீளமாகிறது. நேற்றுவரை இரண்டு டன்னுக்கு மேல் கனத்த பொருள், இன்று மணல் மேல் மிதக்கிறது. துணைக்கு வந்த வண்டி எங்களைவிடப் பெரியது, இரு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலப் பூட்டும் லாக்கர், வின்ச் எல்லாம் கொண்டது. காற்றை இறக்காமல் வந்து அச்சுவரை புதைந்தது. கயிறு போட்டு இழுத்தோம். தம்பி என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அதுவே அவன் பாராட்டு.

தாருக்குத் திரும்பியதும் மீண்டும் ஏற்றியாக வேண்டும். தளர்ந்த டயரில் வேகம் போனால் பக்கச்சுவர் சூடேறிப் பிரியும்.

மார்ச் 24

மேற்கூட்டுக்குள் புழுதி. தலையணை நிறம் மாறிவிட்டது. ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. பின்கதவின் ஒவ்வொரு இடுக்கும் புழுதியை உள்ளே உறிஞ்சுகிறது.

மார்ச் 30

பின்கதவைச் சுற்றி ரப்பர் பட்டை, தொட்டியின் தரைத்துளைகளுக்கு அடைப்பு. ஆனால் அடைப்பது பாதி மருந்துதான். மேற்கூட்டின் உச்சியில் முன்னோக்கித் திறக்கும் வடிகட்டி வைத்த காற்றுவாய் ஒன்று பொருத்தினோம். ஓடும்போது உள்ளே அழுத்தம் சற்றே கூடும். புழுதி நுழைவதற்குப் பதில் காற்று வெளியே கசியும். மண்பாதையில் ஓட்டிப் பார்த்தோம். தலையணை தப்பித்தது.

ஏப்ரல் 6

எல்லாம் ஏற்றி, நாங்களும் அமர்ந்து, மீண்டும் எடை மேடை. முன் அச்சு 1,230, பின் அச்சு 1,480, மொத்தம் 2,710. கோட்டுக்கு 40 கிலோ கீழே. தம்பி உடனே கூரை விளக்குப் பட்டை ஒன்றின் படத்தைக் காட்டினான். ஒன்பது கிலோவாம். அதற்கு ஈடாக எதை இறக்குவாய் என்று கேட்டேன். மடக்கு நாற்காலியில் ஒன்றைத் தருகிறேன் என்கிறான். என்னுடையதை.

புது ஸ்பிரிங் போட்டபின் ஓடியது 500 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் எடுத்து, ஸ்பிரிங்கை அச்சோடு பிணைக்கும் யூ-போல்ட்டுகளை மறுபடி இறுக்கினேன். இடதுபக்கம் இரண்டு நட்டுகள் கால் சுற்று வரை போயின.