மயிலைக் காளையும் செவலைப் பிரிண்டும்

ஜூன் 1, ஞாயிறு

சித்திரையில் கண்ணபுரம் சந்தையில் எடுத்த மயிலைக் காளைப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி ஏ4 தாளில் பிரிண்ட் போட்டேன். கம்ப்யூட்டரில் சுத்தமான சாம்பல். சாயங்காலம் வீட்டு ஆசாரத்துக் குண்டு பல்புக்கு அடியில் அப்பாரு, அதாவது தாத்தா, வாங்கிப் பார்த்தார். “ஏங் கண்ணு, மயிலைன்னு சொன்னே. இது செவலையாட்டருக்குது?” சாம்பல் என்றால் மயிலை, கறுப்பு காரி, சிவப்பு செவலை, வெள்ளை பிள்ளை என்று காலமெல்லாம் மாட்டு நிறம் பிரித்த கண். வாதாட முடியுமா?

ஜூன் 2, திங்கள்

காலையில் அதே பிரிண்டை வாசலுக்கு எடுத்துப் போனால் பாசி படிந்த மாதிரி லேசான பச்சை. ராத்திரி செவலை, பகலில் பாசி! என் ஆறு மை பிரிண்டரில் சாம்பல் மையே கிடையாது. சியான், மெஜந்தா, மஞ்சள் எல்லாம் கலந்துதான் சாம்பலைக் காட்டுகிறது. ஒன்று துளி கூடினாலும் தெரிந்துவிடும். வெளிச்சம் மாறினால் கலவையும் வேறு நிறம் காட்டும்.

ஜூன் 4, புதன்

ஒரு தப்பு என்னுடையது. படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் தாளுக்கேற்ற நிறக் கணக்கை (புரொஃபைல்) போட்டுவிட்டு, பிரிண்டரை ஓட்டும் டிரைவர் மென்பொருளில் நிறத் திருத்தத்தை அணைக்காமல் விட்டிருக்கிறேன். இரண்டும் ஆளுக்கொரு தடவை திருத்தியிருக்கின்றன. அணைத்ததும் செவலை பாதி போயிற்று. மீதி போகவில்லை.

ஜூன் 5, வியாழன்

கறுப்பு மையில் மட்டும் அடித்தேன். நிறக் கோளாறு இல்லை. ஆனால் காளையின் வெளுத்த விலாவில் மிளகுத்தூள் தூவின மாதிரி புள்ளி புள்ளியாக நிற்கிறது. வெளிர் சாம்பலைக் காட்ட ஒரே கறுப்பைத் தள்ளித் தள்ளி வைப்பது தவிர அதற்கு வேறு வழியில்லை. சந்தையில் மாட்டுக்கு ஏதோ நோய் என்றே நினைப்பார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

ஈரோட்டில் நண்பர் வீடு. அவருடையது எப்சன் பிரிண்டர். கறுப்பு, வெளிர் கறுப்பு, அதைவிட வெளிர் கறுப்பு என்று மூன்று கறுப்பு மை. 2005 வாக்கிலேயே வந்த ஏற்பாடுதான். கறுப்பு வெள்ளைக்கென்று உள்ள தனி முறையில் அடித்தால் வண்ண மை பேருக்குத்தான் சேரும்.

முதலில் 21 படிச் சாம்பல் பட்டை. ஐந்து ஐந்து சதவீதமாக வெள்ளையிலிருந்து கறுப்பு வரை, எந்தப் படியிலும் நிறம் ஏறவில்லை. கறுப்புப் பக்கம் கடைசி இரண்டு படிகள் மட்டும் வித்தியாசம் தெரியாமல் ஒட்டிக்கொண்டன. அதைத் திருத்தவே மத்தியானச் சோறு தள்ளிப்போனது.

அப்புறம் தாள். கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கை அடித்தார். என் பளபளத் தாள் வெளுத்த வேட்டி மாதிரி நீலமாக மின்னியது. வெண்மைக்காகச் சேர்த்த ரசாயனமாம். வெயிலில் அதுவும் நீலம் கூட்டும். அவருடைய பருத்தித் தாள் மின்னவில்லை. விலையைக் கேட்டு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. சரி, ஒரே ஒரு தாள் என்று அதிலேயே அடித்துக்கொண்டேன்.

ஜூன் 9, திங்கள்

ராத்திரி முழுக்கக் காயவிட்டு, காலையில் திண்ணையில் காட்டினேன். அப்பாரு தாளைத் தள்ளிப் பிடித்து, கிட்டக் கொண்டுவந்து, திமிலின் மேல் விரல் வைக்கப் போனார். தடுத்துவிட்டேன்.

“திமிலு இப்படிக் கருத்திருக்குதே, பொலிக்கு விடற பூச்சிக்காளைதானே? காயடிச்சிருந்தா இந்தக் கருப்பு நிக்காது.”

சாயங்காலம் குண்டு பல்புக்கு அடியிலும் மயிலை மயிலையாகவே இருந்தது.

“எந்த ஊருக்காரருதுங் கண்ணு?”

கேட்கவில்லை என்றேன்.

“மாட்ட மட்டும் போட்டோப் புடிச்சிட்டு வந்துட்டயாக்கும்.”