நடுச்சுவர் நின்றுவிட்டது!

தண்டையார்பேட்டை மொட்டை மாடியில், ப்ளோயர் ஊதும் காற்றிலேயே உப்பி நிற்கும் என் இரண்டு அறைக் காற்றுக்கூடாரம் சாயங்காலக் கடல்காற்றிலும் துவளாமல் நிற்கிறது. கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளிக்கூட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பால் நிற பிளாஸ்டிக் ஷீட், ஓரங்களை உருக்கி ஒட்ட மேலே பட்டர் பேப்பர் வைத்து இஸ்திரிப்பெட்டி, அவ்வளவுதான். (ஷீட் தடிமன் 200 மைக்ரான் என்று பாரிமுனைக் கடையில் சத்தியம் செய்து கொடுத்தார்கள், அளந்தால் 150. அடுத்த முறை ஸ்க்ரூ கேஜோடுதான் போவேன்.)

எல்லோரும் வந்து உட்காரும் முன்னறைக்கும் ஆயா படுக்கும் உள்ளறைக்கும் நடுவில் இருக்கும் தடுப்புதான் உயிரை வாங்கியது. இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம் என்றால் அது சுவரே இல்லை, கொடியில் காயும் புடவை. அதனால் ப்ளோயர் குழாயை நேரே உள்ளறைக்குக் கொடுத்தேன். அங்கே கசிவது முன்னறைக்கு, முன்னறையில் கசிவது வெளியே. கொத்தனார் வைத்திருக்கும் ட்யூப் லெவலை, அதாவது தண்ணீர் நிரப்பிய குழாயை, வளைத்துக் கட்டி, வெளிக்காற்றைவிட அழுத்தம் எவ்வளவு கூட என்று அளந்தேன்: உள்ளறைக் காற்று தள்ளியதில் குழாயின் இரு பக்க நீர்மட்டத்துக்கும் 8 மில்லிமீட்டர் வித்தியாசம், முன்னறையில் 4. இரண்டு அறைக்கும் இடையே 4 மில்லிமீட்டர் என்பது அற்பமாகத் தெரியும். ஆனால் அது சதுர மீட்டருக்கு 4 கிலோ. தடுப்பு 3 சதுர மீட்டர், ஆக 12 கிலோ அதன்மேல் சாய்ந்தே இருக்கிறது. முன்னறைப் பக்கம் லேசாகத் தொப்பை போட்டு விறைப்பாக நிற்கிறது.

அப்புறம் வாசல். ஜிப் எனக்குப் பிடிக்காது. போகிறவர் வருகிறவர் யாரும் ஒழுங்காக இழுத்து மூடுவதில்லை. நெட்டுக்குத்தாக ஒரு கீறல், அதை மூடி ஒரு முழ அகல மடிப்பு. மடிப்பு உள்ளறைப் பக்கம்தான் தொங்க வேண்டும். அங்கே இருக்கும் கூடுதல் அழுத்தமே அதைக் கீறலோடு அப்பி மூடிவிடும். மறுபக்கம் தொங்கவிட்டால் படபடவென்று அடித்துக்கொண்டு காற்றையெல்லாம் கொட்டும். கீறலின் இரு முனையிலும் வட்டத் துளை போட்டு, சுற்றி இரட்டை ஷீட் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் கிழிசல் ஓடும்.

முன்னறையில் பசங்க கேரம் ஆடுகிறார்கள். காற்று உள்ளிருந்து வெளியே போவதால் பஜ்ஜி வாசனை உள்ளறைக்கு வருவதில்லை. ஸ்ட்ரைக்கர் சத்தம் மட்டும் தாராளமாக வருகிறது.

ராத்திரி உள்ளே விளக்குப் போட்டதும் ஆயா, “இன்னாடா இது, நான் பொடவ மாத்துனா தெருவே பாக்கும் போலக்கீதே” என்றார். அமெரிக்காவில் மைக்கேல் ரகோவிட்ஸ் என்ற கலைஞர் 1998 வாக்கில், கட்டடங்களின் ஏசி வெளியேற்றும் காற்றில் உப்பும் கூடாரங்களை வீடற்றவர்களுக்குச் செய்தபோது, அவர்கள் கேட்டது நேர்மாறு: வெளியே யார் வருகிறார்கள் என்று தெரிய வேண்டும், ஒளிபுகும் பிளாஸ்டிக் கொடு. ஆயாவிடம் அதைச் சொல்லிப் பயனில்லை.

மாடியோரம் மணல்மூட்டை அடுக்கும் வேலை பாதியில் கிடக்கிறது, அது கிடக்கட்டும். ஆயாவுக்கு மறைப்பாக இருக்கட்டும் என்று, உள்ளறைக்கு விவசாயிகள் மண்மேல் விரிக்கும் மல்ச்சிங் ஷீட் பார்க்கிறேன்: வெளியே வெள்ளி, உள்ளே கறுப்பு. ஆனால் 30 மைக்ரான்தான், இஸ்திரி பட்டால் ஓட்டை. டேப்பில் ஒட்டி வெயிலில் தாக்குப்பிடித்தவர்கள் இருந்தால் எந்த டேப் என்று சொல்லுங்கள்.