குழாயில் புகுந்த ஐப்பசி ஈரம்

கதீட்டர் செய்யப் போகிறேன் என்றதும் அம்மா முகம் சுளித்தார். எங்கள் வீட்டில் கதீட்டர் என்றால் தாத்தாவின் கட்டிலுக்கு அடியில் தொங்கிய மூத்திரப் பைதான். "எம்.டெக். படிச்சுட்டு இதைத்தான் செய்யணுமா?" என்றார்.

நான் எடுத்துக்கொண்டது மைக்ரோ கதீட்டர். கல்லீரல் புற்றுக்கட்டிக்கு நேராக மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற குழாய். நல்ல கல்லீரலுக்கு முக்கால் பங்கு ரத்தம் குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாகப் போகிறது. கட்டியோ பெரும்பாலும் தமனியிலிருந்து உறிஞ்சுகிறது. அதனால் தமனிக் கிளைக்குள் நுழைந்து மருந்தைக் கொடுத்து, பின்னாலேயே அந்தக் கிளையை அடைத்துவிட்டால் கட்டி பட்டினி கிடக்கும், கல்லீரல் பிழைத்துக்கொள்ளும். பாபநாசத்துக்காரியான எனக்கு இது எந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுவது, எந்த மடையை அடைப்பது என்கிற கணக்குதான். அப்பாவுக்கு அப்படித்தான் விளக்கினேன், உடனே புரிந்தது.

வயிற்றைக் கிழிக்க வேண்டாம். தொடை அல்லது மணிக்கட்டுத் தமனியில் ஒரு சிறு துளை போதும். முதலில் கொஞ்சம் பெரிய கதீட்டர், அதற்குள், வழிகாட்டப் போகும் மெல்லிய கம்பியான கைடு வயரின் மேல் ஏறி நம்முடையது போகும். கதீட்டரின் பருமனை பிரெஞ்சு என்ற அளவில் சொல்வார்கள், மூன்று பிரெஞ்சு ஒரு மில்லிமீட்டர். என் குழாய் 2.7 பிரெஞ்சு, அதாவது 0.9 மி.மீ. உள்துளை 0.6. மீதியைப் பாதியாக்கினால் சுவருக்குக் கிடைப்பது 0.15 மி.மீ. அதற்குள் மூன்று அடுக்கு: உள்ளே வழுக்கும் டெஃப்லான், நடுவில் ஸ்டீல் கம்பிப் பின்னல், வெளியே பெபாக்ஸ் என்கிற பிளாஸ்டிக்.

வரைபடம் ஒரு வாரத்தில் முடிந்தது. குழாய் முடிய ஏழு மாதம்.

பாவாடைக்கு நாடா கோர்த்தவர்களுக்குச் சிக்கல் தெரியும். ஊக்கு மாட்டாமல் தள்ளினால் நாடா உள்ளேயே சுருண்டுகொள்ளும். ரத்தக்குழாய்க்குள் முன்னால் ஊக்கு மாட்ட முடியாது, குத்திவிடும். அதனால் தலைகீழாகச் செய்ய வேண்டும். பின்பக்கம் விறைப்பாக, நுனி துவண்டு. பின்னால் கையைத் திருப்பினால் 130 செ.மீ. தள்ளி நுனியும் திரும்ப வேண்டும், அது நடுவில் இருக்கும் பின்னலின் வேலை. விறைப்பு பெபாக்ஸின் கடினத்தில் இருக்கிறது. எண் 72, 55, 40 என்று படிப்படியாகக் குறைத்து வருவார்கள். நான் அவசரப்பட்டு 55-ஐ விட்டுவிட்டேன். 72-உம் 40-உம் சேர்ந்த இடத்தில் முதல் மூன்று குழாயும் ஸ்ட்ரா மாதிரி மடங்கின. சரி, 55-ஐத் திரும்பச் சேர்த்தேன்.

அப்புறம்தான் உண்மையான தொல்லை. செய்முறை இது: மெல்லிய எஃகுக் கம்பியின் மேல் டெஃப்லான், அதன் மேல் பின்னல், அதன் மேல் பெபாக்ஸ் துண்டுகளை வரிசையாக நுழைத்து, கடைசியாக வெப்பத்தில் சுருங்கும் உறையைப் போட்டுச் சூடான காற்றைக் காட்ட வேண்டும். 200 டிகிரிக்கு மேல் உறை சுருங்கி, உருகிய பெபாக்ஸைப் பின்னலுக்குள் அழுத்தும். ஆறியதும் உறையைக் கீறி உரிக்கலாம். நான்காவது குழாயை உரித்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால், தோசையில் விழும் ஓட்டை மாதிரி வரிசையாகக் குமிழிகள். ஊசியால் ஒன்றை அழுத்தினேன், பின்னல் வெளியே எட்டிப் பார்த்தது. உள்ளே அழுத்தத்தோடு மருந்து போகும்போது அந்த இடத்தில் வெடிக்கும்.

சூடு அதிகம் என்று நினைத்துக் குறைத்தேன். குமிழி குறைந்தது, ஆனால் இழுத்தால் அடுக்குகள் பிரிந்து வந்தன. ஏழாவது வரை இதே கதை. ஹாட் ஏர் மிஷினைத் திட்டித் தீர்த்தேன்.

ஐப்பசியில் ஊருக்குப் போனபோது அப்பா கொள்முதல் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தார். ரோட்டில் பாதி அகலத்துக்குக் குறுவை நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், மிஷின் 19 காட்டியது. "நேத்து சாயங்காலம் பதினேழுதான் பாப்பா. மூடி வெச்சுட்டுக் காலைல பார்த்தா ஏறிருக்கு. இந்த மாசத்துல நெல்லு காத்துலேர்ந்தே தண்ணி குடிக்கும்" என்றார்.

எனக்குச் சுரீர் என்றது. பெபாக்ஸ் துண்டுகள் ஒரு மாதமாக லேப் மேசையில் திறந்த கவரில் கிடக்கின்றன. அதுவும் காற்றிலிருந்து ஈரம் குடிக்கிற ஜாதிதான். உருகும்போது அந்த ஈரம் ஆவியாகிக் குமிழி விட்டிருக்கிறது. பொருளோடு வந்த தாளில் "உலர்த்திப் பயன்படுத்தவும்" என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. நான் கடினத்தின் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்திருந்தேன்.

எட்டாவதிலிருந்து துண்டுகளை லேப் ஓவனில் 70 டிகிரியில் ராத்திரி முழுக்க வைத்து, காலையில் சூடு ஆறுவதற்குள் கோர்த்தேன். எட்டிலும் ஒன்பதிலும் ஓரிரு குமிழி. பத்து, என் கைத்தவறு. பதினொன்று சுத்தம்.

திருச்சியில் ஒரு ரேடியாலஜி டாக்டர் பார்த்துச் சொல்ல ஒப்புக்கொண்டார். சிலிக்கோன் குழாய்களில் செய்த கல்லீரல் தமனி மாதிரியை, மீன்தொட்டி ஹீட்டர் போட்டு 37 டிகிரி தண்ணீரில் மூழ்கவைத்து எடுத்துப் போயிருந்தேன். அவர் விரல் நுனியால் உருட்டி உருட்டி மூன்றாவது கிளைக்குள் கொண்டுபோனார். பாராட்டவில்லை. "ஹப் எந்த பிளாஸ்டிக்?" என்று கேட்டார். குழாயின் பின்முனையில் சிரிஞ்சை மாட்டுகிற பாகம்தான் ஹப். இந்தச் சிகிச்சையில் மருந்தோடு கலக்கும் லிப்பியோடால், கசகசா எண்ணெயில் அயோடின் ஏற்றியது. பாலிஸ்டைரீன் போன்ற பிளாஸ்டிக்கை அது அரித்துவிடும். நான் யோசித்ததே இல்லை. அதையும் மாற்ற வேண்டியிருந்தது.

இது மேசை மேல் செய்த மாதிரிதான், யார் உடம்புக்குள்ளும் போகவில்லை. அதற்கு ரத்தக்குழாய்க் கதீட்டர்களுக்கான ஐ.எஸ்.ஓ. 10555 சோதனைகள், உடலோடு ஒத்துப்போகிறதா என்கிற 10993 சோதனைகள், 2017 மருத்துவக் கருவி விதிகளின்படி அனுமதிகள் என்று நீண்ட வழி இருக்கிறது.

மீதி பெபாக்ஸை சிலிகா ஜெல் பாக்கெட்டுகளோடு அம்மாவின் பழைய எவர்சில்வர் டப்பாவில் மூடி வைத்திருக்கிறேன். போன வாரம் அப்பா அதைத் திறந்து பார்த்துவிட்டு, ஒரு பாக்கெட்டைக் கையில் எடுத்து உருட்டினார்.

"விதைநெல் மூட்டைக்கு இதுல எத்தனை போடணும்?"