காதால் படிக்கிறவர்களுக்கு: 320 எம்பி3-ஐ விட்டுவிடுங்கள்

தேர்வு ரிசல்ட் வந்துவிட்டது. கட் ஆஃபுக்கு மேலே நூலிழையில் நிற்கிறேன். புத்தகப் பட்டியல், கால அட்டவணை பற்றியெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் வகுப்பு வீடியோக்களிலிருந்து ஒலியை மட்டும் பிரித்து, நடந்துகொண்டே கேட்டுப் படித்தவன். உட்கார்ந்தால் எனக்குத் தூக்கம் வரும். கணக்கு, வரைபடம் உள்ள பகுதிகளுக்கு இந்த வழி உதவாது. வரலாற்றுக்கும் நடப்பு நிகழ்வுகளுக்கும் இதற்கு மிஞ்சியது இல்லை என்பேன்.

கேட்டுப் படிக்கிறவர்கள் பலரும் கண்ணை மூடிக்கொண்டு எம்பி3, 320 கிலோபிட் (ஒரு நொடி ஒலிக்குச் செலவாகும் தரவின் அளவு, அதாவது பிட்ரேட்) என்று வைத்துவிடுகிறார்கள். எண் பெரிது, அதனால் ஒலியும் நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கை. யூடியூபில் ஒலி ஏற்கெனவே சுருக்கப்பட்டுத்தான் இருக்கிறது. பெரும்பாலும் சுமார் 128 கிலோபிட் ஏஏசி, இல்லையென்றால் ஓப்பஸ்; இரண்டும் எம்பி3 போன்ற ஒலிச் சுருக்க முறைகள்தான். அதை எம்பி3 ஆக்கினால் இன்னொரு முறை சுருக்குகிறோம். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுக்கிற கதைதான். ஏ3 தாளில் எடுத்தாலும் மங்கிய எழுத்து மங்கியதுதான். ஒரு மணி நேர வகுப்பு 128-இல் சுமார் 58 எம்பி (மெகாபைட்), 320-இல் 144 எம்பி. அந்தக் கூடுதல் இடத்துக்குப் பதிலாக எதுவும் கிடைப்பதில்லை.

ஆகவே மாற்றாதீர்கள், உள்ளதை உள்ளபடி பிரித்தெடுங்கள். எம்4ஏ வடிவம் (ஏஏசி ஒலி வரும் கோப்பு) கிடைத்தால் அதுவே போதும். எஃப்எஃப்எம்பெக் (ஒலி, வீடியோ கோப்புகளை மாற்றும் இலவச மென்பொருள்) தெரிந்தவர்கள் ஒலிக்கு 'காப்பி' என்று கொடுத்தால், மறுசுருக்கம் இல்லாததால் ஒரு மணி நேரக் கோப்பும் சில நொடிகளில் கையில் இருக்கும்.

பேச்சுக்கு இவ்வளவு தேவையா என்பார்கள். சாதாரண வேகத்தில் தேவையில்லைதான். ஆனால் நம்மில் யார் சாதாரண வேகத்தில் கேட்கிறோம்? மறுபடி மறுபடி சுருக்கிய எம்பி3-ஐ 1.75 வேகத்தில், தெரு இரைச்சலுக்கு நடுவே ஓடவிட்டுப் பாருங்கள். எழுபத்தாறும் எண்பத்தாறும் ஒரே மாதிரி காதில் விழும். தேர்வில் ஒரு கேள்விக்கு அந்த இரண்டு ஆண்டுகளும் விடைகளாக வந்தன. மறுசுருக்கம் இல்லாத கோப்பில் கேட்டதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. என் மதிப்பெண்ணுக்கும் கட் ஆஃபுக்கும் இருந்த இடைவெளியைப் பார்த்தால், அந்த ஒரு கேள்விக்காகவே இதை எழுதலாம்.

மற்றவை:

- போனில் இடம் இல்லையா? ஓப்பஸ், மோனோ (இரண்டு காதுக்கும் ஒரே ஒலி), 32 கிலோபிட். மணிக்குச் சுமார் 14 எம்பி. இதுவும் மறுசுருக்கம்தான், ஆனால் மூலக் கோப்பிலிருந்து ஒரே ஒரு முறை. ஓப்பஸ் 2012-இல் தரமாக அறிவிக்கப்பட்டது, குறைந்த பிட்ரேட்டில் பேச்சை நன்றாகத் தாங்கும். எம்பி3 தொண்ணூறுகளின் சரக்கு.
- பழைய பிளேயரா, கார் ஸ்டீரியோவா? சரி, வேறு வழியில்லை, எம்பி3-தான். மோனோ, 64, சிபிஆர் (மாறாத பிட்ரேட்). விபிஆர் (மாறும் பிட்ரேட்) வைத்தால் சில பிளேயர்களில் 42-ஆவது நிமிடத்தைத் தட்டினால் வேறெங்கோ போய் நிற்கும்.
- வேவ் (சுருக்காத ஒலிக் கோப்பு) வேண்டவே வேண்டாம். சிடி தரத்தில் மணிக்கு 635 எம்பி. தரம் இழக்காமல் சுருக்கும் ஃப்ளாக்கும் வீண், மூலத்திலேயே போன ஒலியை அது திருப்பித் தராது.
- ஆசிரியரோ தளமோ அனுமதித்த வீடியோக்களை மட்டும் எடுங்கள். காசு கட்டிய வகுப்பைக் குரூப்பில் போடாதீர்கள், ப்ளீஸ்.

மோனோவைப் பற்றி இன்னும் கொஞ்சம். சில வகுப்புகளில் மைக் ஒரே பக்கத்தில் பதிந்திருக்கும். நான் சேர்ந்திருந்த ஒரு பயிற்சி மையத்தின் பதிவுகள் எல்லாமே அப்படித்தான்: குரல் இடது காதில், வலது காதில் வெறும் அமைதி. வண்டிச் சத்தம் கேட்க வேண்டுமென்று ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டி நடக்கிறவனுக்கு இது எவ்வளவு எரிச்சல் தெரியுமா? கோப்பை மோனோ ஆக்கினால் எந்தக் காதில் மாட்டினாலும் குரல் வரும். போனின் அணுகல்தன்மை அமைப்பிலும் மோனோ ஒலி என்று ஒன்று உண்டு. கோப்பைத் தொட விருப்பமில்லாதவர்கள் அதைப் போட்டுக்கொள்ளலாம்.

அப்புறம், கடைசி மாதத்தில் அடுத்தவர் வகுப்பு எதையும் நான் கேட்கவில்லை. என் குறிப்புகளை நானே வாசித்துப் பதிந்தவற்றை மட்டும்தான். பல போன்களின் ரெக்கார்டர் எம்4ஏ-விலேயே பதியும். அதை மாற்றாமல் விடுங்கள். ஆண்டு வரும் இடத்தில் இரண்டு முறை சொல்லுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு வாசியுங்கள், இல்லாவிட்டால் பாதி பிட்ரேட் அந்த இரைச்சலுக்கே போய்விடும்.