ஒழுங்கையில் சுற்றிவரும் ஒரு மெசின்

கல்லடியில் எங்கள் ஒழுங்கையில் இரத்தத்தில் சீனி பார்க்கிற மெசின் ஒன்றுதான் இருக்கிறது. பக்கத்து வீட்டு மாமியுடையது. காலையில் நாலைந்து வீடு போய்வரும். நல்ல மனம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் நேற்று அம்மாவுக்குப் பார்க்க வாங்கியபோது, இரத்தம் எடுக்க விரலில் குத்துகிற பேனையின் நுனியில் காய்ந்த இரத்தம் கண்டேன். நெஞ்சு பதறிவிட்டது.

ஊசியைத்தானே மாற்றுகிறோம் என்றார் மாமி. அது போதாது. பேனையின் வாயிலும் இரத்தம் படும். கண்ணுக்குத் தெரியாத அளவே போதும், ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி தொற்ற. அந்த வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்த இரத்தத்தில்கூட, குறைந்தது 7 நாட்கள் உயிரோடு இருக்கும். அதனால் பேனையும் ஊசியும் ஆளுக்கொன்று வேண்டும். எவ்வளவு துடைத்தாலும் அதைப் பங்குபோடவே கூடாது.

மெசினும் ஆளுக்கொன்று இருந்தால்தான் நல்லது. பங்குபோடத்தான் வேண்டுமென்றால், ஒவ்வொருவருக்குப் பிறகும் துடைத்துக் கிருமி நீக்கவேண்டும். முதலில் அழுக்கை எடுக்கவேண்டும், இரத்தம் ஒட்டியிருந்தால் கிருமிநாசினி உள்ளே போகாது. அப்புறம் மருந்து பூசி, சொன்ன நேரம் ஈரமாகவே விடவேண்டும். நாம் பூசிய கையோடு துடைத்துவிடுகிறோம், அங்கேதான் பிழை. எந்த மருந்து என்பதை மெசினோடு வந்த தாளில் பார்க்கவேண்டும், அதில் சொல்லியிராவிட்டால் பங்குபோடக்கூடாது.

காய்ச்சல் பார்க்கிற தேமாமீற்றருக்கு 70 சதவீத ஸ்பிரிட் நல்லது. சுத்த ஸ்பிரிட்டைவிட அதுவே கிருமியை நன்றாகக் கொல்லும், அந்த வேலைக்குத் தண்ணீரும் வேண்டும்.

மாமி கோபிக்கவில்லை. "நீ சொல்லித்தந்தா செய்வன் மகள்" என்றார். இன்று பின்னேரம் அம்மாவுக்குப் புதுப் பேனை வாங்கப் போகிறேன், மாமிக்கும் ஒன்று.